ஜமாபந்தியும் கணினிச் சிட்டாவும்

வருவாய்க் கணக்குக்குரிய பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவதால், அதை ஒட்டிய கோடை நாட்களில் மதுரை ஜில்லாவின் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய தாலுகா அலுவலகங்களில், கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் கணக்குக் கட்டுகளோடு பிர்கா வாரியாக வந்து, ஜமாபந்தி அலுவலரின் முன்னிலையில் அவற்றை ஒப்படைத்துச் சோதனைக்கு உட்படுகிறார்கள். 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் என்று வரிசையாகக் கணக்குகள் புரட்டப்படுகின்றன. நிலம் அளக்கும் சங்கிலிகூட நீளம் சரிதானா என்று பார்க்கப்படுகிறது. கடைசி நாளில் குடிகள் மாநாடு கூடுகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தகவல்களை எவ்வாறு காக்க வேண்டும், யார் அவற்றுக்கு ஜவாப்தாரி, எத்தனை காலத்துக்கு ஒருமுறை அவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் தகவல் நிர்வாகம் என்னும் பெயரில் இன்று பேசப்படும் விஷயங்களில் பாதிக்கு மேற்பட்டவை, இந்தப் பழைய ஏற்பாட்டுக்குள் ஏதோ ஒரு ரூபத்தில் அடங்கியிருந்தன என்பது என் அபிப்பிராயம்.

அதன் அருமையை உணர வேண்டுமானால், கணக்கு யார் கையில் இருந்தது என்பதை நினைக்க வேண்டும். ஒரு கிராமத்தில் எந்தச் சர்வே எண் யாருடையது, எந்தக் கண்மாயின் மடையில் எந்த வயலுக்குப் பாய்ச்சல் என்ற ஞானம் முழுவதும் பரம்பரையாக ஒரு குடும்பத்தின் சொத்துப்போல் இருந்து வந்தது. கிராமக் கணக்கரான கர்ணம் எழுதியதே கணக்கு. அவரைப் பகைத்துக்கொண்ட குடியானவனுக்குத் தன் நிலத்தைப்பற்றித் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. அந்த ஏகபோகத்தின்மேல், வருஷத்துக்கு ஒருமுறையாவது வெளியிலிருந்து ஓர் உயர்ந்த அதிகாரியின் பார்வை விழும்படி செய்தது ஜமாபந்தி. 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டு, 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை அங்கீகரித்த பின்னர், கணக்கு ஒரு குடும்பத்திடமிருந்து விடுபட்டுச் சர்க்காரின் உடைமையாயிற்று. தகவல் என்பது அதைக் காப்பவனுக்குச் சொந்தமல்ல என்னும் கொள்கை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலைபெற்றது அப்போதுதான் என்று சொல்லலாம்.

ஆனால் ஜமாபந்தியின் குறை சிறியதன்று. அது கணக்கைக் கணக்கோடு ஒத்துப் பார்த்ததே தவிர, கணக்கை மண்ணோடு ஒத்துப் பார்த்தது மிகக் குறைவு. பேரணை முதல் கள்ளந்திரி வரையில் பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் நஞ்சையும், கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகமாகவே நிற்கும் நஞ்சையும் நம் ஜில்லாவில் உண்டு. ஒவ்வொரு வயலிலும் இந்தப் போகத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதை வரப்பில் நடந்து பார்த்து எழுத வேண்டியது அடங்கல். பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் அதை நம்பியே தரப்படுகின்றன. அந்த அடங்கலைத் திண்ணையில் உட்கார்ந்து, போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்து நிரப்பிக் கொண்டுவந்தாலும், கூட்டுத் தொகை சரியாக இருந்தால் ஜமாபந்தியில் அது தேறிவிடும். காலப்போக்கில் தணிக்கை சுருங்கி, முதியோர் உதவித்தொகைக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் மனு வாங்கும் தினமாக ஜமாபந்தி ஜனங்களின் மனத்தில் பதிந்துவிட்டது. மனு வாங்குவது நல்ல காரியம். ஆயினும் அதற்கு மனுநீதி நாள் தனியே இருக்கிறது.

இந்நிலையில்தான் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் யு.டி.ஆர். திட்டம் நடைபெற்று, பழைய பதிவேடுகளைத் திருத்தி, ஏக்கர் செண்டை ஹெக்டேர் ஏர்ஸாக மாற்றி, புதிய சிட்டாக்களை உண்டாக்கிற்று. பிரம்மாண்டமான காரியம் அது. பிழைகளும் அந்த அளவுக்கு நேர்ந்தன. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அழகர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அங்கே தெருவுக்குப் பலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய தகப்பனார் பெயர் பிரதி எடுக்கும்போது விட்டுப்போனாலோ, உட்பிரிவு எண்ணில் ஓர் எழுத்து மாறினாலோ, அடுத்த வயலுக்காரர் அந்த நிலத்துக்குப் பட்டாதாரராகிவிடுவார். காகிதத்தில் நேர்ந்த அந்தப் பிழை, பதிவேட்டிலிருந்து 'தமிழ்நிலம்' என்னும் கணினித் தொகுப்புக்கு அப்படியே பெயர்ந்து சென்றது. முன்னே கிராமக் கணக்கர் கையெழுத்தில் இருந்தபோது ஜனங்கள் சந்தேகித்த அதே வரி, இப்போது மின்னணுக் கையொப்பத்தோடு அச்சாகி வரும்போது அதைச் சந்தேகிக்க வங்கி மேலாளருக்குத் தோன்றுவதில்லை. பட்டா என்பது வருவாய்ப் பதிவே, அது மட்டுமே உரிமை மூலமாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும், நடைமுறையில் அந்த ஒற்றைத் தாளே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிழையைத் திருத்த வேண்டியவரோ, வட்டாட்சியரிடம் தொடங்கிக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று படிப்படியாக ஏறி, அதன்பின் சிவில் நீதிமன்றத்துக்கும் போக நேரிடும். பிழை செய்தது சர்க்காராக இருக்க, நிரூபிக்கும் பாரம் குடியானவன்மேல் விழுவது நியாயமாகாது.

கணினியால் வந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. தன் சிட்டாவின் நகலுக்காகப் பலமுறை தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த பேரையூர்க் குடியானவர், இன்று இ-சேவை மையத்திலோ, காசில்லாமல் தம் பேரனின் கைபேசியிலோ அதைப் பார்த்துவிடுகிறார். பதிவேடு இன்னதென்று தெரியாமலிருந்த ஒரு தலைமுறைக்கு அது பிரத்யட்சமாகிவிட்டது. தம் பட்டாவில் பிழை இருப்பதையே பலர் அவ்விதம் பார்த்த பிறகுதான் அறிந்தார்கள். எவரும் எவருடைய நிலத்தையும் பார்க்கலாம் என்பதில் அந்தரங்கத்துக்குச் சிறிது பங்கம் உண்டு என்றாலும், நிலத்தின் விஷயத்தில் மறைப்பினால் நேர்ந்த கேடு அதைவிட மிக அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே நிலத்தைப்பற்றிப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையிடம். பட்டாவும் அடங்கலும் வருவாய்த் துறையிடம். புலப்படம் நில அளவைத் துறையிடம். 2018-இல் வந்த 'ஸ்டார் 2.0' முறையால், கிரயம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கான விண்ணப்பம் தானாகவே வருவாய்த் துறைக்குப் போய்ச் சேர ஏற்பாடாகியிருக்கிறது. இது மிகவும் போற்றத்தக்கது. ஆயினும் மூன்று பதிவுகளும் ஒன்றோடொன்று முரண்படும்போது எது மெய், அந்த முரணைக் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டிய கடமை எந்த மேஜையுடையது என்ற கேள்விக்கு விடை இல்லை. முழுப் புலமும் கைமாறினால் காரியம் விரைவில் முடிகிறது. நிலத்தைப் பிரித்து விற்றால் சர்வேயர் வந்து உட்பிரிவு செய்யும்வரை பத்திரம் ஒன்று சொல்ல, பட்டா வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கும். மென்பொருளை மாற்றுவதனால் இது தீராது. பதவிகளுக்கிடையே பொறுப்பைப் பங்கிடுவதனால்தான் தீரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பதிவேட்டில் ஒரு பெயரை அடித்தால் அடித்த கோடும், அதன் கீழிருந்த பெயரும், திருத்தியவரின் சுருக்கொப்பமும் காகிதத்திலேயே தங்கின. இன்றைய சிட்டா, கடைசி உத்தரவின் எண்ணையும் தேதியையும் குறிப்புரையில் காட்டுகிறதேயன்றி, அதற்கு முன் அந்த இடத்தில் யார் பெயர் இருந்தது என்பதை நிலத்துக்குரியவருக்குக் காட்டுவதில்லை. ஜமாபந்திக்குப் புத்துயிர் கொடுக்க வேண்டிய இடம் இதுவே. அந்தப் பசலியில் ஒரு கிராமத்தில் மாறிய பதிவுகள் அனைத்தையும், பழைய பெயர், புதிய பெயர், உத்தரவிட்டவர், ஆதாரம் ஆகியவற்றோடு கணினியிலிருந்து எடுத்து, மே 1-ஆம் தேதி கிராம சபையில் உரக்கப் படித்து, சாவடிச் சுவரில் ஒட்டி, அங்கே எழும் ஆட்சேபங்களோடு ஜமாபந்தி அலுவலர் முன் வைக்கலாம். அடங்கலில் சில சர்வே எண்களை அவரே பொறுக்கி, அன்று மாலையே வயலுக்குப் போய்ப் பார்த்துவரலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கையே தொடக்கத்துக்குப் போதுமானது.