மராமத்து இல்லாத கல்வெட்டுகள்

எல்லாரும் பார்க்கிற, யாருமே வாசிக்காத ஓர் எழுத்து வகை நம் ஊர்களில் உண்டு. திறப்புவிழாக் கல்வெட்டு. பேருந்து நிலையம், நகராட்சி அலுவலகம், காய்கறிச் சந்தை, மகப்பேறு நிலையம், கட்டணக் கழிப்பறை என்று எதை எடுத்தாலும் வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். கதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிற நாம் இந்தக் கல்லையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன? அருப்புக்கோட்டைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. எங்கள் ஊர் 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, ஒரு முதலமைச்சரின் தொகுதியாகவே இருந்த ஊர். பெரிய பெயர்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

இந்தக் கல்லின் இலக்கணம் எளிமையானது. வினைச்சொற்கள் இரண்டே இரண்டு: ‘அடிக்கல் நாட்டினார்’, ‘திறந்து வைத்தார்’. இரண்டும் இறந்தகாலம். பெயர்கள் பதவி வரிசையில் வரும். எழுத்தின் அளவும் பதவிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். ‘தலைமை’, ‘முன்னிலை’ என்று இரு படிகள். கடைசியில் தேதி. சில கற்களில் திட்டத்தின் பெயரும் செலவான லட்சங்களும் இருக்கும். அவ்வளவுதான். கட்டிய கொத்தனார் பெயர் கிடையாது, போகட்டும். இந்தக் கட்டடம் எத்தனை வருடம் தாங்கும், அடுத்து யார் எப்போது வந்து சோதிப்பார்கள், ஒழுகினால் எந்தப் பணத்திலிருந்து சரிசெய்வார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. கட்டடத்தின் வாழ்க்கை தொடங்குகிற அன்றைக்கே பிரதி முடிந்துவிடுகிறது.

‘கல்வெட்டுன்னா அப்படித்தானப்பா இருக்கும்’ என்று சொல்லத் தோன்றும். அப்படி இருந்ததில்லை என்பதுதான் என் வாதம்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் பள்ளிமடம் என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ள பழைய சிவன்கோயிலில் 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தி அவற்றில் உண்டு. இந்த வகைக் கல்வெட்டு தமிழ்நாடு முழுக்கக் கிடைக்கிறது. சோழநாட்டில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொள்கிற இடையர், அவற்றின் பாலிலிருந்து வருகிற நெய்யில் நாள்தோறும் ஓர் உழக்கைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த மந்தைக்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கிற பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. அதாவது சாகாத, கிழடு தட்டாத ஆடுகள். ஆடு சாகாமல் இருக்குமா? கிழடாகத்தான் செய்யும், செத்தும் போகும். ஆனால் குட்டிகளிலிருந்து எடுத்து எண்ணிக்கையை நிரப்பி வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டுக்கும் சாவு உண்டு, மந்தைக்குக் கிடையாது. புதுப்பித்தல் என்கிற திட்டத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு சொற்றொடர் எனக்குத் தெரியாது.

விளக்கு மட்டும் இல்லை. கோயில் பழுதுபார்ப்புச் செலவுக்கென்றே ஒதுக்கிய நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிக்கென்று ஒரு வாரியம் அமைத்து, அதன் உறுப்பினர்களுக்கு 360 நாள் பதவிக்காலம் வைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. ஆக, அன்றைய கல்லில் கொடுத்தவர் பெயர் இருந்தது. அதோடு கொடுத்தது தொடர்வதற்கான ஏற்பாடும் இருந்தது. இன்றைய கல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிட்டது.

பழம்பெருமை பாட நான் இதை எழுதவில்லை. அந்த நிலங்களில் உழைத்தவர்களின் குடிசைக்குப் புதுக்குப்புறம் கிடையாது. அந்த ஏற்பாடுகள் கோயிலையும் நீரையும் பார்த்துக்கொண்டன, சேரியைப் பார்த்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் பல அறக்கட்டளை நிலங்கள் கைமாறித் தொலைந்தும் போயின. கல்லில் எழுதினால் மட்டும் காரியம் நடந்துவிடாது. ஆனால் எழுதாமல் விட்டது நடக்கவே நடக்காது.

சொல்லிலும் இதே கதைதான். பொதுப்பணித்துறைக்கு நம் தாத்தாக்கள் காலத்தில் வழங்கிய பெயர் ‘மராமத்து இலாகா’. மராமத்து என்றால் பழுதுபார்த்தல். அரபியிலிருந்து வந்து நம் ஊர்ச் சொல்லாகவே ஆகிப்போன சொல். ஒரு பெரிய அரசுத் துறையை, அது பழுதுபார்க்கிற துறை என்றே மக்கள் அழைத்தார்கள். அப்புறம் தமிழ்ப்படுத்தினோம். ‘பொதுப்பணி’ நல்ல தமிழ்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர்மாற்றத்தில் பழுதுபார்க்கிற வேலை பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. ‘குடிமராமத்து’ என்ற சொல் மட்டும் கண்மாய்களோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. 2017இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது பல இளைஞர்கள் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்டிருப்பார்கள்.

இலக்கியம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் ‘சூல்’ உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி எழுந்த நாவல். ஊர் கூடிப் பேணிய ஒன்று, பொறுப்பு கைமாறியதும் எப்படிச் சீரழிகிறது என்பது அதன் கதை. எங்கள் கரிசல் எழுத்தில் பராமரிப்பு என்பது கண்மாய், கிணறு, கலப்பை என்று வருகிறது. நகராட்சிக் கட்டடம் வருவதே இல்லை. பேருந்து நிலையம் கதைகளில் வந்தாலும் காத்திருப்பதற்கான இடமாகத்தான் வரும். அதன் கூரையை எந்தக் கதாபாத்திரமும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஊர்ச் சொத்து என்று நாம் மனதில் ஏற்றுக்கொண்டது எது, ஏற்றுக்கொள்ளாதது எது என்பதற்கு இதுவே சாட்சி.

*

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் நிலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அந்த மண்மேல் போதிய ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் ஒவ்வொரு வருடமும் கட்டடம் கொஞ்சம் ஏறி இறங்கும். சுவரில் மாடிப்படி மாதிரி சாய்வாக விரிசல் விழுவது இதனால்தான். இரண்டாவது, தண்ணீர். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் குழைத்தால் உள்ளே இருக்கிற கம்பி சீக்கிரம் துருவேறும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிற காட்சி எந்த அரசுக் கட்டடத்திலும் புதிதில்லை. அதற்கு மேலே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுகிற வேலை.

வானம் பார்த்த பூமிக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்களுக்குப் பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில வாரங்களில்தான் கூரைக்குப் பரீட்சை. ஒழுகும்போது வாளியை வைப்பார்கள். நனையும் பதிவேடுகளை வேறு அலமாரிக்கு மாற்றுவார்கள். மார்கழியில் மழை நின்றதும் எல்லாருக்கும் மறந்துபோகும். தையில் சரிசெய்ய வேண்டிய கூரை அடுத்த ஐப்பசி வரை அப்படியே இருக்கும். வறண்ட பூமி குறையை மறைத்து வைக்கிறது. கைப்பிடிச்சுவர் இடுக்கில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்றை முதல் வருடம் இரண்டு விரலால் பிடுங்கிப் போடலாம். பத்தாவது வருடம் அதை எடுக்கச் சுவரையே இடிக்க வேண்டியிருக்கும். பராமரிப்பின் பொருளாதாரம் மொத்தமும் அந்தக் கன்றில் அடங்கிவிடும்.

2017இல் 43 நாள் இடைவெளியில் இரண்டு கூரைகள் விழுந்தன. செப்டம்பர் 7 அன்று கோவை மாவட்டம் சோமனூர் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து 5 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அதிகாலையில் அன்றைய நாகை மாவட்டம் பொறையாறு அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் ஓய்வறை இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டாவது 1943இல் கட்டியது. முதலாவது அரை நூற்றாண்டுகூட ஆகாதது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகும். ‘பழைய கட்டடம், விழுந்துவிட்டது’ என்பது காரணம் ஆகாது. வயது தனியாக யாரையும் கொல்வதில்லை. யாரும் ஏறிப் பார்க்காத வயதுதான் கொல்கிறது.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். ஆபத்தானதை இடிக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. என் கேள்வி வேறு. ஒரு சாவு நடந்தபிறகு அவசரமாக எடுக்கிற பட்டியலைச் சாவுக்கு முன்னால் நிதானமாக ஏன் எடுக்க முடியவில்லை? இடித்தால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பதையும் சேர்த்து ஏன் திட்டமிட முடியவில்லை?

முடியாத விஷயம் என்று சொல்லிவிடாதீர்கள், கோயிலில் இதைத்தான் செய்கிறோம். 12 வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். அதற்குமுன் பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவார்கள். பிறகு கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கி, சுதை வேலையைச் சரிசெய்து, வர்ணம் பூசி, அஷ்டபந்தனம் சாத்துவார்கள். கால அட்டவணை, மாற்று இடம், வேலைப் பட்டியல், நன்கொடைக் கணக்கு, முடிவில் ஊருக்கே ஒரு விழா. இதற்குமேல் ஒரு புதுப்பித்தல் திட்டத்தில் என்ன வேண்டும்? 12 வருடம் தாண்டினால் ‘இன்னும் கும்பாபிஷேகம் நடக்கலையா’ என்று ஊரே கேட்கும். நகராட்சிச் சந்தைக்கு 40 வருடம் ஆனால் யாரும் கேட்பதில்லை.

காரணம் கேட்டால் ‘பணம் இல்லை’ என்பார்கள். அது பொய்யில்லை. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் போக நகராட்சிகளின் கையில் மிஞ்சுவது குறைவு. புதுக் கட்டடத்துக்கு மாநிலத் திட்டமோ மத்தியத் திட்டமோ வரும். பழையதைப் பூச எந்தத் திட்டமும் வராது, வந்தாலும் அதற்குக் கல் வைக்க முடியாது. ஆக, இடியும் வரை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்பதே நகராட்சிக்கு லாபம் என்கிற மாதிரி நாம் விதிகளை வைத்திருக்கிறோம். கணக்கிலும் ஒரு விநோதம். 2000ஐ ஒட்டித் தமிழ்நாட்டு நகராட்சிகள் நாட்டிலேயே முன்னோடியாகத் திரள்முறைக் கணக்குக்கு மாறின. அந்த முறையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியாக வேண்டும். அதாவது கட்டடம் இந்த வருடம் இவ்வளவு தேய்ந்தது என்று நகராட்சியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் தேய்மானம் ஏட்டில் ஓர் எண். அந்த அளவுக்குப் பணத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று எந்த விழாவிலும் யாரும் பேசுவதில்லை. சாவா மூவாப் பேராட்டின் எண்ணிக்கையை ஏட்டில் குறித்துக்கொண்டு, பட்டியில் ஆடே இல்லாமல் இருப்பது போலத்தான் இது.

இதே குழியில் விழுந்து எழுந்தவர்கள் ஜப்பானியர். 1977இல் திறந்த சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் 2012 டிசம்பர் 2 அன்று விழுந்து 9 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் பொதுக் கட்டுமானங்களின் முதுமை பெரிய பேச்சானது. 2014இல் மத்திய அரசு எல்லா உள்ளாட்சிகளையும் ஒரு முழுத்திட்டம் எழுதச் சொன்னது. உங்களிடம் என்னென்ன கட்டடம் இருக்கிறது, வயது என்ன, வரும் பல்லாண்டுகளில் புதுப்பிக்க எவ்வளவு ஆகும், மக்கள்தொகை எப்படி மாறும், எதை வைத்துக்கொள்வது, எதை இணைப்பது, எதை விட்டுவிடுவது? சிற்றூர்கள் உட்பட ஏறக்குறைய எல்லா உள்ளாட்சிகளும் எழுதி முடித்தன. அங்கேயும் எல்லாவற்றையும் காப்பாற்றப் பணம் இல்லை. ஆனால் எது போகும், எது இருக்கும் என்பதைக் கூரை விழுவதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்து பேச முடிகிறது.

சென்னையில் ரிப்பன் மாளிகையையும் விக்டோரியா பொது அரங்கையும் சுண்ணாம்புச் சாந்து கொண்டு மீட்டெடுத்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் அழகும் நூறு வயதும் இருந்தால்தான் பராமரிப்பு என்றால் அருப்புக்கோட்டைக்கு அதில் பங்கில்லை. எங்கள் கட்டடங்கள் 40, 50 வயதுக்காரர்கள். பாரம்பரியமும் இல்லை, புதுசும் இல்லை. நெசவாளிப் பெண் பிரசவத்துக்குப் போகிற இடமும், பூக்காரம்மா கூடையை இறக்கி வைக்கிற இடமும், திருச்சுழிப் பேருந்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் காத்திருக்கிற இடமும் இந்த நடுவயதுக் கட்டடங்கள்தான். அவற்றை யாரும் படமெடுத்துப் போடப் போவதில்லை.

ஒரு விமர்சகனாக இந்தக் கல்வெட்டு வகைக்கு நான் கேட்கிற திருத்தம் சின்னது. பெயர்கள் இருக்கட்டும், வரிசையும் இருக்கட்டும், யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம். அதற்குக் கீழே மூன்று வரி சேருங்கள். இந்தக் கட்டடத்தின் உத்தேச ஆயுள் இத்தனை ஆண்டு. கடைசியாகப் பொறியாளர் கூரையேறிப் பார்த்த தேதி இது, அடுத்த தேதி இது. பழுதுபார்ப்புச் செலவு இன்ன கடைகளின் வாடகையிலிருந்து. தேதியைக் கல்லில் வெட்ட வேண்டாம், பெயின்டில் எழுதினால் போதும். பேருந்துக்கு நிற்கிறவர் அதைப் படித்துவிட்டு, தேதி தாண்டியிருந்தால் ‘என்னங்க, இன்னும் யாரும் ஏறிப் பாக்கலையா?’ என்று வார்டு கவுன்சிலரிடம் கேட்கட்டும். கும்பாபிஷேகத்துக்குக் கேட்கிறோமே, அதே குரலில்.