தாய்மொழிக்குத் தாமதமாய் வந்த நாவல்

ஸாஹில் என்றால் அரபியில் கடற்கரை. அதன் பன்மை ஸவாஹில். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர முஸ்லிம்களின் மொழி ‘ஸ்வாஹிலி’ எனப் பெயர் பெற்றது அச்சொல்லால்தான். நம் கிதாப் அங்கே ‘கிதாபு’. வக்து அங்கே ‘வகாத்தி’. தபூக் களத்தைப் பாடும் ஸ்வாஹிலிக் காவியத்தின் 1728ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி அரபு எழுத்திலேயே உள்ளது. அரபுத் தமிழ் ஏடுகளைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதில் வியப்பில்லை.

அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவர் அப்துர் ரஸாக் குர்னா. 1948இல் ஸன்ஸிபாரில் பிறந்து, 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். 2021இல் நோபல் பரிசு பெற்றவர். நாவல்களையோ ஆங்கிலத்திலேயே எழுதினார். 1994இல் வெளியான ‘பாரடைஸ்’, ஐடா ஹாஜிவயானிஸின் மொழிபெயர்ப்பில் ‘பெபோனி’ என ஸ்வாஹிலிக்கு வந்தது 2022இல். இடையில் 28 ஆண்டுகள்! அதுவும் நோபல் பரிசுக்குப் பின்னரே.

பன்னிரண்டு வயது யூசுப், தந்தை பட்ட கடனுக்காக அஸீஸ் என்னும் வணிகரிடம் ஒப்படைக்கப்படுகிறான். அதுவரை அவரை மாமா என்று அழைத்தவன். ‘அவர் உனக்கு மாமா அல்லர், ஸெய்யித் என்று சொல்’ எனத் திருத்துகிறான், அவனைப் போலவே கடனுக்கு ஈடாக வந்த கலீல். ஒரு விளி மாறியதும் உறவு அறுந்து அடிமைத்தனம் தொடங்கிவிடுகிறது.

பின்னர் வணிகரின் மனைவி பற்றியிழுக்க, யூசுபின் சட்டை பின்புறம் கிழிகிறது. ஸூரத்து யூஸுபைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நான் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றே அமர்ந்திருந்தேன். யூஸுப் நபி (அலை) அவர்களின் தூய்மைக்குச் சான்று அந்தக் கிழிசலன்றோ! பைபிளின் ஆதியாகமத்தில் ஆடை அவள் கையில் தங்குகிறது. பின்புறக் கிழிசல் இல்லை. ஆகவே பைபிளை மட்டும் அறிந்த ஆங்கில வாசகர் இதை ஒரு நிகழ்ச்சியாக எண்ணிக் கடந்துவிடக்கூடும். ஸன்ஸிபார்ச் சிறுவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் நூல் அவனிடம் போகவில்லையே!

ஆசிரியரைக் குறை கூற மனம் வரவில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கத்திலிருந்த தீவில் பள்ளி சென்றவர். பேனா எடுத்ததோ இங்கிலாந்தில். விடுதலைக்குப் பின்னும் தன்ஸானியாவில் தொடக்கப் பள்ளிக்கு ஸ்வாஹிலி, அதற்கு மேல் ஆங்கிலம் என்றே ஏற்பாடு. ஸ்வாஹிலி அழிந்துவிடவில்லை, கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். எனினும் வீட்டின் கீழ்த்தளம் அதற்கு, மாடி ஆங்கிலத்துக்கு என்றாயிற்று. ஸ்வாஹிலியிலேயே எழுதி 1962இல் மறைந்த ஷஅபான் ராபர்ட்டை ஆப்பிரிக்காவுக்கு வெளியே எத்தனை பேர் அறிவர்?

ஆங்கில நூலில் எனக்கொரு குறையும் உண்டு. அரபியர், இந்தியர், உள்நாட்டுக் குடிகள் எனப் பலர் வந்தும் எல்லாரும் ஒரே ஆங்கிலத்தில் பேசுகின்றனர். வேற்றுமையை ஆசிரியர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். கலீல் யூசுபை ‘கிஃபா உரோங்கோ’ என்று கேலி செய்வான். உயிரோடிருந்தே செத்தவன் என்பது கருத்து. ஆங்கிலப் பக்கத்தில் அச்சொல் வாசலில் நிற்கும் அயலான். ‘பெபோனி’யில் அது திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறது.