முறுமுறுப்பும் செய்தியே
ஓர் ஆவணப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஏழைகளைப் பற்றி எழுதுவோர் பலர். ஏழைகளே எழுதுவது அரிது. அவ்வாறு அவர்களே எழுதத் தொடங்கிய பின்னர், நல்லெண்ணம் படைத்த வேறொருவர் அவர்களைப் பற்றிச் சொல்ல முன்வந்தால் என்ன நேரும்? இவ்வினாவை எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் நாட்டில் நடந்தது. அதனைத் திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் ஆய்ந்து நோக்குதல் நலம் எனக் கருதுகிறோம்.

ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகிய இருவரும் இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்' என்னும் ஆவணப்படம் 2021இல் வெளிவந்தது. 'நெருப்பால் எழுதுதல்' என அத்தலைப்பைத் தமிழாக்கலாம். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற இப்படம், மறு ஆண்டு ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. உத்தரப்பிரதேசத்தின் புந்தேல்கண்டுப் பகுதியில் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' என்னும் செய்தி நிறுவனமே படத்தின் பொருள். விருது விழாவுக்குச் சில நாள்களே இருந்தபோது அந்நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உள்ளத்தைத் தொடுவது, ஆற்றல் மிக்கது என ஒப்புக்கொண்ட அவ்வறிக்கை, ஒரே ஓர் அரசியல் கட்சியைப் பற்றிச் செய்தி சேகரிப்பதே தங்கள் முழு நோக்கம் என்பதுபோல் அது சித்திரிப்பது சரியன்று என மறுத்தது. பகுதிக் கதை சில வேளைகளில் முழுமையைத் திரித்துவிடும் என்பதே அதன் சாரம். மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் ஏன் மறுத்தார்கள்? அதனை அறிய, இதழின் வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

இதழ் பிறந்த வகை

1990களில் அரசின் மகளிர் கல்வித் திட்டமான மகிளா சமாக்யாவின் வழியே பாந்தா வட்டாரப் பெண்கள் எழுத்தறிவு பெற்றனர். கற்ற எழுத்து மறந்துபோகாதிருக்க 'மகிளா டாகியா' என்ற சிற்றிதழை நடத்தினர். பெண் தபால்காரர் என்பது அதன் பொருள். அது நின்றபின், தில்லியிலுள்ள நிரந்தர் என்னும் கல்வி நிறுவனத்தின் துணையோடு 2002ஆம் ஆண்டு மே மாதம் சித்திரகூட மாவட்டத்தின் கர்வீ ஊரிலிருந்து 'கபர் லஹரியா' வெளிவரலாயிற்று. 'செய்தி அலைகள்' என்பது பொருள். எழுதியோர் பெரும்பாலும் தலித் பெண்கள். பிற சமூகப் பெண்களும் உடன் உழைத்தனர். எழுதிய மொழி, பாடநூல்களின் இந்தி அன்று. மக்கள் வீட்டில் பேசும் புந்தேலி. அண்மையில் எழுத்துக் கற்றோரும் படிக்குமாறு எழுத்துகள் பெரியனவாக அச்சிடப்பட்டன.

செய்தி திரட்டியவர்களே கூடி அமர்ந்து எதை வெளியிடுவது என முடிவு செய்தனர். அவர்களே திருத்தினர், அவர்களே இதழைச் சுமந்து பேருந்திலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று விற்றனர். நீர் வராத கைக்குழாய், ஆசிரியர் வராத பள்ளி, பங்கீட்டுக் கடையில் குறையும் தானியம், போடப்படாத சாலை ஆகியன அவர்களின் செய்திகள். எழுதியவளே மறுவாரம் அதே தெருவில் இதழை விற்க வேண்டியிருந்ததால், பிழையாக எழுதினால் அங்கேயே விடை கூற வேண்டும். செய்திக்கும் ஊருக்கும் இடையே இருந்த இந்த நெருக்கமே அதன் நம்பகத்தன்மைக்கு அடித்தளம் என்பது நம் துணிபு. 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு இதற்குக் கிடைத்தது. பின்னர் அச்சிதழ் நின்று, கைப்பேசி வழியான காணொளிச் செய்தியாக அப்பணி தொடர்கிறது.

படத்தின் நிறையும் குறையும்

அச்சிலிருந்து கைப்பேசிக்கு மாறிய அக்காலத்தையே படம் பதிவு செய்கிறது. மீரா தேவி, சுனிதா பிரஜாபதி, சியாம்கலி தேவி ஆகிய மூவரைப் பின்தொடர்கிறது. தொடக்கத்திலேயே, வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண்ணின் வீட்டுக்கு மீரா செல்கிறார். முறையீட்டை ஏற்காத காவல் நிலையத்துக்கும் சென்று காரணம் கேட்கிறார். குரலை உயர்த்தாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கும் அந்நிதானம் மறக்கத்தக்கதன்று. கைப்பேசியைத் தொடவே தயங்கும் சியாம்கலி படிப்படியாக அதனைத் தம் கருவியாக்கிக்கொள்ளும் காட்சிகளும், சட்ட விரோதச் சுரங்கங்களைப் பற்றிச் சுனிதா துணிந்து வினவும் காட்சிகளும் படத்தின் உயர்ந்த பகுதிகள். இயக்குநர்கள் இப்பெண்களை இரங்கத்தக்கவர்களாகக் காட்டவில்லை; இதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

எனினும் படம் வளர வளர 2017ஆம் ஆண்டுத் தேர்தலும், அதன்பின் மேலோங்கிய சமய அரசியலும் முன்னணிக்கு வருகின்றன. வாளேந்திய இளைஞனும் அவனை வினவும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் காட்சியை எந்நாட்டவரும் எளிதில் புரிந்துகொள்வர். கைக்குழாயின் கதை அவ்வாறு கடல் கடந்து செல்லாது. ஆகவே கூட்டு உழைப்பு பின்னே சென்று, வீராங்கனையர் மூவர் முன்னே வந்தனர். கூடி அமர்ந்து முடிவு செய்யும் மேசை படத்தில் இல்லாமலில்லை. ஆயினும் அதுவே இதழின் உயிர் என்பது பார்ப்பவருக்குப் புலப்படுவதில்லை.

இதனால் விளையும் இடர் கலையைச் சார்ந்தது மட்டுமன்று. எல்லாக் கட்சியாரையும் எல்லா அலுவலரையும் நாள்தோறும் சந்தித்தே தீரவேண்டிய சிற்றூர்ச் செய்தியாளருக்கு, ஒரு கட்சியின் பகைவர் என்ற முத்திரை விழுந்தால் கதவுகள் அடைபடும். படம் எடுத்தோர் திரும்பிச் செல்லலாம். படத்தில் இருப்போர் அவ்வூரிலேயே வாழ வேண்டும்.

மறுப்பறிக்கையையும் ஆய்வின்றி ஏற்க வேண்டுவதில்லை. தாம் கண்டதைத் தம் நோக்கில் சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு. அறிக்கையும் அவ்வுரிமையை மறுக்கவில்லை. கபர் லஹரியாவும் வெளித்துணை இன்றித் தனியே முளைத்ததன்று; நகரத்துக் கல்வியாளரின் கை அதன் பிறப்பில் உண்டு. ஆனால் வெளியார் உதவுவது வேறு. வெளியாரே முடிவு செய்வது வேறு. எது எங்கள் கதை என்று கூறும் உரிமை எங்களுக்கும் உண்டு என அப்பெண்கள் கூறியதை, அவர்கள் இருபதாண்டு செய்த இதழ்ப் பணியின் இயல்பான தொடர்ச்சியாகவே காண்கிறோம்.

நம் இதழ்களை நோக்கி

இவ்வளவும் பிறரைப் பற்றிய திறனாய்வு. இனி நம்மை நோக்குவோம். 1710 முதல் செருமனியின் ஹாலே நகரில் தரங்கம்பாடி அருட்பணி அறிக்கைகள் அச்சாயின. நம் முன்னோரான சபையார் ஐரோப்பிய வாசகருக்குப் பெரும்பாலும் பிறர் எழுத்தின் வழியாகவே அறிமுகமாயினர். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர்களுள் மிகச் சிலரே படித்திருக்கக்கூடும். இன்று எழுதுவோர் நாமே. ஆயினும் நம் திருச்சபை இதழ்களில் அடிக்கல் நாட்டுவோரின் நிழற்படங்கள் நிறைந்துள்ள அளவுக்குச் சிற்றூர்ச் சபையாரின் சொற்கள் இடம் பெறுகின்றனவா?

நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லோம். முன்னொரு காலத்தில் நாம் ஆயராயிருந்த சேகரத்துச் சிற்றூர் ஒன்றில் கிணறு தோண்டப்பட்டது. அதைக் குறித்து உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினோம். அவ்வூர் மூதாட்டி ஒருவர் அதனைப் பேரன் வாசிக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா. நாங்க மூணு மாசம் மண்ணு சுமந்ததைக் காணோமே" என்றார். நன்கொடையாளர் பெயர் இருந்தது. நம் பெயரும் இருந்தது. அன்று அவருக்கு விடை கூற இயலவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் லூக்கா ஒரு முறுமுறுப்பைப் பதிவு செய்கிறார். எருசலேம் சபையின் நாள்தோறுமான பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர் என்பது முறையீடு. கபர் லஹரியாவின் பக்கங்களில் வரக்கூடிய செய்தியே இது! சபையின் பெயர் கெடும் என்று லூக்கா இதனை மறைக்கவில்லை. இம்முறையீட்டுக்குக் கிடைத்த தீர்வும் சிந்திக்கத்தக்கது. தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதென விளக்கவுரையாளர் பலர் கருதுவர். முறையீட்டைக் கேட்பதோடு சபை நின்றிருந்தால் அது இரக்கம் மட்டுமே. பொறுப்பைப் பகிர்ந்ததனால் அது நீதியாயிற்று.

நம் இதழாசிரியர் குழுக்களில் சிற்றூர்ச் சபைப் பெண்கள் எத்தனை பேர்? சேகர மன்றக் கணக்கில் குறைகண்ட ஒருவர் அதனை நம் பக்கங்களில் எழுத இயலுமா? கற்றோர் தமிழ் தவிர வேறு தமிழுக்கு அங்கே இடமுண்டா? இவ்வினாக்களை எழுப்பும் நாமும் இக்கட்டுரையைக் கற்றோர் தமிழிலேயே எழுதியுள்ளோம் என்பதை மறக்கவில்லை. மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். களப்பணிக்குச் சென்று ஒரு சபையைப் பற்றி நீங்கள் எழுதும் அறிக்கையை, கல்லூரியில் ஒப்படைக்குமுன் அச்சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கையை அவர்களே எழுதட்டும்.