பிட் தெருவின் மாணவன்

நகரத்தைப் படமெடுக்க அந்நியனின் கண் வேண்டும் என்ற பேச்சு ஒளிப்படப் பட்டறைகளில் வேதவாக்காகிவிட்டது. தெரியாத தெருவாகப் பார்த்துப் போ, யார் கண்ணிலும் படாதே, எங்கும் நிற்காதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நியூயார்க்கின் ஒளிப்பட வரலாறு சொல்லும் சாட்சி வேறு.

ஜேக்கப் ரீஸ், ஒளிப்பொடி கொளுத்தி எடுத்த குடியிருப்புப் படங்களை 1890இல் புத்தகமாக்கினார். அவற்றில் பல முகங்கள் திடுக்கிட்டு விழிக்கின்றன. அடுத்து வந்த லூயிஸ் ஹைன், பள்ளி ஆசிரியர். எதிக்கல் கல்ச்சர் பள்ளியில் அவரிடம் கேமரா பழகிய சிறுவன்தான் பால் ஸ்ட்ராண்ட். இதெல்லாம் எல்லோரும் அறிந்தது.

நம்மிடம் அதிகம் பேசப்படாதது 1936இல் உருவான ஃபோட்டோ லீக். குறைந்த கட்டணத்தில் அது நடத்திய பள்ளிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறிய யூதத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியின் உயிர்நாடி சிட் கிராஸ்மன் என்ற கண்டிப்பான ஆசிரியர். ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே மீண்டும் மீண்டும் போக வேண்டும் என்பது அங்கே பயிற்சி.

ஆரன் சிஸ்கிண்ட் தலைமையில் உருவான 'ஹார்லெம் ஆவணம்' அந்தப் பயிற்சியின் புகழ்பெற்ற விளைச்சல். அதில் ஒரு படம்: கறுப்பின மனிதர் ஒருவர் கட்டிலில் உறங்குகிறார், தலைமாட்டுச் சுவர் நிறையப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய வெள்ளைப் பெண்களின் படங்கள். அழுத்தமான படம். ஆனாலும் தூங்குகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்ற உறுத்தல் எனக்குப் போவதில்லை. எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். 1940இல் 'லுக்' பத்திரிகை இந்தப் படங்களை வெளியிட்டபோது, கறுப்பின மக்களின் வட்டாரமான ஹார்லெம் ஒரு சமூகப் பிரச்சினையாகத்தான் காட்சி தந்தது. சிரிப்பும் சடங்கும் சண்டையும் உள்ள ஓர் ஊரை அதில் தேட வேண்டியிருக்கிறது.

1938இல் அதே லீக்கின் மாணவர் வால்டர் ரோசன்பிளம், பத்தொன்பது வயதுப் பையன், பிட் தெருவுக்குப் போனார். அது அவர் பிறந்து வளர்ந்த லோயர் ஈஸ்ட் சைடில், வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் அடியில் ஓடும் ஏழைத் தெரு. மாதக்கணக்கில் அங்கேயே எடுத்தார். மிட்டாய்க் கடை, குழந்தை வண்டியோடு நிற்கும் பெண்கள், ஊஞ்சலாடும் சிறுமி. வறுமை எல்லாப் படத்திலும் உண்டு. எந்தப் படத்துக்கும் அது தலைப்பாகவில்லை. அந்தச் சிறுமியின் வேகத்தில் இருக்கும் மகிழ்ச்சியை வெளியாள் ஒருவர் நம்பியிருப்பாரா? 'ஹார்லெம் ஆவண'த்தைவிட இந்தச் சிறிய மாணவர் பணியையே நான் உயர்வாக வைப்பேன்.

1947 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட தேசவிரோத அமைப்புகளின் பட்டியலில் லீக்கின் பெயரும் இருந்தது. 1951இல் அது மூடப்பட்டது. பாடமுறை ஒன்று அரசியலால் அறுபட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பின் அந்நியனின் கண்ணோடு ராபர்ட் ஃபிராங்க் வந்தார். அவருடைய 'அமெரிக்கர்கள்' மகத்தான நூல், மறுக்கவில்லை. 1967இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் ஷார்கோவ்ஸ்கி அமைத்த 'புதிய ஆவணங்கள்' கண்காட்சி, தனியாளின் பார்வையை அரியணையில் ஏற்றியது. அதில் இடம்பெற்ற மூன்று ஒளிப்படக் கலைஞர்களும் மேதைகள். மேதைகளுக்குச் சரிப்பட்டதைப் பாடத்திட்டமாக்கியதுதான் கேடு. இன்று வார இறுதியில் கூட்டமாகக் கிளம்பி, சந்தையில் பூக்காரம்மாவின் முகத்தருகே லென்ஸை நீட்டிவிட்டுப் பெயர்கூடக் கேட்காமல் திரும்புகிறவர்கள் அதன் வாரிசுகள்.

நம்மிடமும் மாற்று இருக்கிறது. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனிக்குமார், வடசென்னை இளைஞர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே படமெடுக்கப் பழக்கியிருக்கிறார். கல்லூரிகள் இதைத் தொண்டு என்று ஒதுக்காமல் பாடமாக ஏற்க வேண்டும். விஸ்காம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க மாணவர் தான் குடியிருக்கும் தெருவையே எடுக்கட்டும். எடுத்ததை முதலில் அந்தத் தெருவிலேயே காட்டட்டும். மதிப்பெண் போடுகிறவர், படத்தில் இருப்பவரின் பெயரை மாணவரிடம் கேட்கட்டும்.