நாமினி என்றால் வாரிசா?

போன மாதம் அம்பத்தூரில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் எஸ்டேட்டில் பட்டறை வேலை பார்த்தவர்; மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. பந்தி முடிந்ததும் பேச்சு பணத்துக்கு வந்தது. "பேங்க் டெபாசிட்ல நாமினி அம்மாதானே? அப்ப அது அம்மாவுக்குத்தான்" என்றார் ஒரு பெரியவர். மனைவி ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் மேல் தப்பில்லை. 'நாமினி போட்டாச்சா?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஆலோசனைகள்தான் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன. வங்கியின் டிஏ-1 படிவத்தைப் படித்துப் பாருங்கள். நான் இறந்தால் தொகையை யாரிடம் திருப்பித் தரலாம் என்றுதான் அது கேட்கிறது; யாருக்குச் சொந்தம் என்றல்ல. நாமினியிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். காப்பீட்டுப் பணம் பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1984லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் சொன்னது. உயில் எழுதாத இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அந்த வீட்டில் அம்மாவுக்கு நாலில் ஒன்று.

பி.எஃப். கதை வேறு. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம்; கல்யாணம் ஆனதும் அது செல்லாது. அண்ணன் பெயரை எழுதியவர் மாற்றாமலே போய்விட்டால், அண்ணனுக்குப் பணத்தை வாங்கும் உரிமைகூட இல்லை. பழைய படிவம் 2இல் இது அச்சாகியே இருக்கிறது, வேண்டாததை அடித்துவிடச் சொல்லும் உறுதிமொழி வரியில். கையெழுத்துப் போடும் இடத்தில் ஏற்கெனவே பெருக்கல் குறி இருக்கும். யார் மேலே படிப்பார்கள்?

காப்பீட்டில் இன்னும் சிக்கல். 2015 திருத்தம் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியானால் பணத்தின் பயனே அவர்களுக்கு என்கிறது. வாரிசுகள் பங்கு கேட்டால் அது நிற்காது என்று 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, சதவீதம் பிரித்தே நியமிக்கலாம். வசதிதான். ஆனால் சதவீதம் போட்டதும் அது உயில் மாதிரியே ஆகிவிடுகிறது, பார்வைக்கு மட்டும்.

பெரியவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். "அப்ப எதுக்குத்தான் நாமினி?" என்றார். நியாயமான கேள்வி. இப்போது அந்த வீட்டில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். நாலு பெயரும் வரும். யாருக்கு எவ்வளவு என்பது அதிலும் இருக்காது.