உண்டபின் நன்றி: யூத ஃபிக்ஹில் ஒரு வழக்கும் நம் சோற்றுத் தட்டும்

உண்ணுமுன் இறைவன் பெயரைக் கூறுதலும் உண்டபின் அவனைப் புகழ்தலும் வேதம் அருளப்பெற்ற சமுதாயங்களிடையே பொதுவாய் நிலவும் ஒழுக்கமாகும். ஆயின், 'எதை உண்டால் எவ்வளவு புகழ வேண்டும்?' என்னும் வினாவை எழுப்பி, அதற்கு வகையும் அளவும் வகுத்து, தலைமுறை தலைமுறையாக வாதித்தவர்கள் யூத மார்க்க அறிஞர்களே. அவ்வாதத்தின் மூல ஏடு, கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் முதல் ஏடாகிய 'பெராகோத்'. நம் 'பரகத்' என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பான இப்பெயருக்கு 'வாழ்த்துரைகள்' என்பது பொருள். அவ்வேட்டின் ஆறாம் அத்தியாயத்து இறுதி விதியை ஈண்டு ஆராய்கிறோம். பார்வைக்குச் சிறிய சட்டச் சிக்கலே அது. ஆனால் நன்றிக்கு அளவுகோல் உணவின் இனமா, உண்பவனின் தேவையா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வினா நம்மையும் விட்டபாடில்லை.

மூன்று படிகள்

யூதச் சட்டம் உண்டபின் கூறும் வாழ்த்துரையை மூன்று படிகளாக வகுக்கிறது. ரொட்டியுடன் கூடிய உணவுக்கு 'பிர்கத் ஹமாஸோன்' எனப்படும் முழு வாழ்த்துரை. உண்டு நிறைவுற்று இறைவனை வாழ்த்துமாறு பணிக்கும் தவ்ராத்தின் உபாகமம் 8:10ஆம் வசனமே இதற்கு ஆதாரம். இரண்டாவது, 'மேயீன் ஷாலோஷ்', அதாவது மூன்றின் சாரம். கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்களால் ஆன ரொட்டியல்லாத பண்டங்களுக்கும், திராட்சை மதுவுக்கும், திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை ஆகிய ஐந்து கனிகளுக்கும் இது உரியது. முன்சொன்ன வசனத்திற்குச் சற்று முன்னர் (8:8) வாக்களிக்கப்பட்ட நிலத்தின் சிறப்பாக எண்ணப்படும் எழுவகை விளைபொருள்களை ஒட்டி எழுந்த வகுப்பு இது. மூன்றாவது, 'போரே நெஃபாஷோத்' என்னும் ஒரு வாக்கியச் சிறு வாழ்த்துரை. இறைச்சி, மீன், பால், முட்டை, காய்கறி, பிற கனிகள், தண்ணீர் என எஞ்சிய யாவும் இதில் அடங்கும்.

இனி வழக்கிற்கு வருவோம். ஒருவர் அத்தி, திராட்சை, மாதுளை ஆகியவற்றை உண்டார். பின்னர் என்ன ஓத வேண்டும்? மூன்று வாழ்த்துரைகளையும் முழுமையாக ஓத வேண்டும் என்றார் ரப்பான் கம்லியேல். மூன்றின் சாரமான ஒன்றே போதும் என்றனர் பெரும்பான்மை அறிஞர். ரப்பி அகீவா இவ்விரு கட்சியிலும் சேராமல் வேறொரு கோணத்தில் நின்றார். வேகவைத்த காய்கறியே ஒருவருக்கு உணவாக அமைந்தாலும், அதன்பின் அவர் மூன்றையும் ஓத வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

முதலிரு கட்சியினரும் தட்டில் இருப்பது எந்தப் பொருள் என்று பார்த்தனர். அகீவாவோ, அத்தட்டின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது என்னவாக அமைந்தது என்று பார்த்தார். இளமையில் அவர் வறிய இடையராக இருந்தார் என்பது யூத மரபுச் செய்தி. கீரையும் கிழங்கும் தொடுகறியாக வரும் வீடுகளும் உண்டு, அவையே முழு உணவாக வரும் வீடுகளும் உண்டு என்பதை அவர் அறிந்திருப்பார் அன்றோ? எனினும் சட்டம் அவர் பக்கம் தீர்க்கப்படவில்லை. பெரும்பான்மையினர் கூற்றே நிலைபெற்றது.

அரிசி எங்கே நிற்கிறது?

இத்தீர்ப்பின் விளைவு அரிசியில் வெளிப்படுகிறது. அரிசியும் தானிய இனமே என்றார் ரப்பி யோஹனான் பென் நூரி. தல்மூத் அவர் கருத்தை ஏற்கவில்லை. அரிசி பசியாற்றும் உணவு என்பதால் உண்ணுமுன் கூறும் வாழ்த்தில் அதற்குத் தானியப் பண்டங்களுக்குரிய மதிப்பைத் தந்தது. உண்டபின் கூறுவதிலோ அதனைக் கடைசிப் படியில் நிறுத்திவிட்டது. எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூனும் தம் சட்டத் தொகுப்பில் இதனையே உறுதிசெய்கிறார். இந்தியாவுக்கு வணிகம் செய்யப் புறப்பட்ட தம் இளவல் தாவூதை இந்தியப் பெருங்கடலில் பறிகொடுத்தவர் அவர். அரிசியுண்ணும் கரைகளோடு யூதர்களுக்கு இருந்த உறவு அவர் அறியாததன்று.

அவ்வுறவு மிகப் பழையது. கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தாலான பாரசீகத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் இருக்கின்றன. முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் ஒரே ஆவணத்தின் அடியில் பெயர் பொறித்தனர். எங்கள் ஜெயங்கொண்டத்தை அடுத்துக் கங்கைகொண்ட சோழபுரம் எழுந்த காலத்துக்குச் சற்று முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்துள்ளது. 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயரும்வரை கொச்சி யூதர்களின் அன்றாட உணவு சோறும் மீனும் தேங்காயுமாகவே இருந்தது. ரொட்டியில்லாத ஒரு வேளையில் வயிறு நிறைய உண்டு எழுந்தாலும், சட்டப்படி அவர்கள் கூற வேண்டியது அந்தச் சிறு வாழ்த்துரையே. கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயீல் யூதரோ, அவலும் தேங்காயும் சர்க்கரையும் கனிகளும் சேர்த்த 'மலீதா'த் தட்டை நடுவில் வைத்து, இல்யாஸ் நபியை நினைவுகூர்ந்து வாழ்த்தோதும் ஒரு சடங்கையே வளர்த்துக்கொண்டனர். தக்காண முஸ்லிம்களின் ஃபாத்திஹாக்களில் வழங்கும் மலீதாவும் இதே பெயருடையது. அரிசிக்குச் சட்டம் தந்த இடம் சிறிது. அதனைப் புழக்கத்தில் பெரிதாக்கிக்கொண்டது அச்சமுதாயம்.

இவ்விதியை எங்கள் மண்ணில் வைத்துப் பார்ப்போம். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் முந்திரியும் மக்காச்சோளமும் பரவுமுன் கம்பும் வரகும் சோளமுமே குடியானவரின் உயிர்நிலை. ஒரு சட்டிக் கம்பங்கூழைக் குடித்துவிட்டு அந்திவரை ஏர் பிடித்தவனுக்கு அதுவே முழு உணவு. யூதச் சட்டத்தின் தட்டில் அக்கூழும் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரே படியில் நிற்கும். ஓர் ஒலிவக் காயளவு கோதுமை ரொட்டியோ முழு வாழ்த்துரையைக் கோரும். அகீவாவின் சொல் ஏற்கப்பட்டிருப்பின் கூழுண்டவனும் முழு நன்றிக்கு உரியவனாகியிருப்பான்.

சட்டத்தின் தரப்பு

எனினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தல் முறையன்று. முழு வாழ்த்துரையின் உள்ளடக்கத்தை நோக்கினால் பெரும்பான்மையினர் கருத்தின் காரணம் புலனாகிறது. அதன் முதற்பகுதி உலகுக்கு உணவளிப்பவனைப் புகழ்வது. 'மன்னு' இறங்கியபோது மூஸா (அலை) அவர்களால் ஏற்படுத்தப்பட்டது என்கிறது தல்மூத். இரண்டாவது நிலத்துக்கான நன்றி. நிலத்துள் புகுந்தபோது யூஷஃ (அலை) அவர்களால் ஏற்பட்டது. மூன்றாவது ஜெரூசலம் பற்றியது. தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோருக்கு உரியது. நான்காவது, ரோமரை எதிர்த்த போரில் 135இல் வீழ்ந்த பெத்தார் கோட்டையின் மாண்டோரை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது யவ்னே நகர அறிஞர் சேர்த்தது. ஆக, ஒரு சமுதாயத்தின் வரலாறு முழுவதும் உணவுத் தட்டின் ஓரத்தில் ஓதப்படுகிறது. நிலத்தை நினைவூட்டும் உரை அந்நிலத்தின் சிறப்பு விளைவுகளோடு பிணைக்கப்பட்டதில் வியப்பில்லை. நாடிழந்த மக்கள் அதன் கோதுமையையும் அத்தியையும் நாவில் காத்துக்கொண்டனர்.

அளவு பற்றிய நுணுக்கமும் வெறும் சடங்குப் பிடிவாதமன்று. நிறைவுற்றால் வாழ்த்துக என்பதே வேதக் கட்டளை; அறிஞரோ ஓர் ஒலிவக் காயளவு, ஒரு முட்டையளவு உண்டாலே வாழ்த்த வேண்டும் என்று தம்மேல் சுமத்திக்கொண்டனர். இறைவன் இவர்களிடம் சலுகை காட்டுவது ஏன் என்று வானவர்கள் வினவியபோது, இந்த மிகைப் பேணுதலையே அவன் விடையாகக் கூறினான் என்றொரு கதை தல்மூதில் உண்டு. வயிறு நிறையுமுன்பே நிறைந்ததாகக் கொள்ளும் மனநிலை அது. அதனை எள்ளி நகையாடுதல் நமக்கு அழகன்று.

இனி, கடைசிப் படியில் வைக்கப்பட்ட அச்சிறு வாழ்த்துரையின் பொருளைக் காண்போம். அதில் நிலமில்லை, நகரமில்லை, குலமில்லை. பல்வகை உயிர்களையும் அவற்றின் குறைகளையும் படைத்தவன் என்றே அது இறைவனைப் புகழ்கிறது. குறையைத் தீர்ப்பவன் என்பதோடு நில்லாமல், குறையையும் படைத்தவன் என்கிறது. பசி ஓர் இழுக்கன்று. படைப்பாளனோடு உயிரைக் கட்டிவைக்கும் கயிறு என்பதே இதன் உட்கிடை. மனிதர் யாவரும் அல்லாஹ்விடம் தேவையுடையோர் என்று ஃபாத்திர் அத்தியாயம் (35:15) அறிவிப்பதை அறிந்தோர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது. அகீவாவின் தீர்ப்பு தோற்றபோது அரிசிக்கும் கூழுக்கும் கிடைத்தது அளவில் சிறிய உரையே. ஆயினும் மூன்றனுள் மனித குலம் முழுமைக்கும் தயக்கமின்றிப் பொருந்துவது அதுதான்.

நம் பக்கம்

பனீ இஸ்ராயீல்கள் ஒரே உணவைச் சகிக்கமாட்டாமல் கீரை, வெள்ளரி, 'ஃபூம்', பருப்பு, வெங்காயம் ஆகியவற்றைக் கேட்டதாக அல்பகரா அத்தியாயம் (2:61) கூறுகிறது. 'ஃபூம்' என்பது பூண்டா, கோதுமையா என விரிவுரையாளர் வேறுபடுவர். பூண்டு என்று கொண்டால், அவர்கள் கேட்ட ஐந்துமே அவர்களின் பிற்காலச் சட்டத்தில் கடைசிப் படியில் நிற்பவை. கோதுமை என்று கொண்டால் அது ஒன்று மட்டும் மேலேறிவிடும். ஆனால் குர்ஆனின் கண்டனம் உணவின் இனத்தைப் பற்றியதன்று. கிடைத்ததன்மேல் மனம் நிலைகொள்ளாமையைப் பற்றியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையில் உணவின் இனத்துக்கேற்ற படிகள் இல்லை. ஒரு முறை உண்டு புகழும் அடியானையும், ஒரு முறை பருகிப் புகழும் அடியானையும் அல்லாஹ் பொருந்திக்கொள்கிறான் என்பது முஸ்லிம் தொகுப்பில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி. அங்கு வரும் 'அக்லா' என்னும் சொல், பகலுணவு, இரவுணவு போன்ற ஒருவேளை உண்ணலைக் குறிக்கும் என்கிறார் இமாம் நவவீ. சோறாயினும் கூழாயினும் அவ்வேளையின் உணவு எதுவோ அதற்கே புகழ்ச்சி. பாலுக்கு மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. பிற உணவுக்குப்பின் இதனினும் சிறந்ததைக் கேட்கவும், பாலுக்குப்பின் அதனையே மிகுதியாகக் கேட்கவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் திர்மிதீ ஹதீஸ் கற்பிக்கிறது. உணவாகவும் பானமாகவும் ஒருங்கே பயன்படுவது பால் ஒன்றே என்பது அங்கு கூறப்படும் காரணம். அதாவது, வேறுபாட்டின் அடிப்படை பொருளின் குலமன்று, உண்பவனுக்கு அது ஆற்றும் பணி. அகீவா கைநீட்டிய திசை இதுவே எனல் மிகையாகாது.

இதனைக் கொண்டு நாம் பெருமிதம் அடைவதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எல்லா உணவுக்கும் ஒரே சொல் என்னும் எளிமை ஓர் அருட்கொடை. ஆயின் எளிய சொல் எளிதில் வெறும் ஓசையாகிவிடும். ஒலிவக் காயளவுக்குக் கணக்குப் பார்த்தவரின் வாயில் கவனம் இருந்தது. நம் வலீமா விருந்துகளில் பாதிச் சோறும் கறியும் சஹனிலேயே கிடக்க, கைகழுவும் இடத்தை நோக்கி நடந்தவாறே 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறோம். எந்த உணவுக்கு அச்சொல் உரியது? உண்ட பாதிக்கா, குப்பைக்குச் செல்லும் பாதிக்கா? விரலையும் தட்டையும் வழித்துண்ணுமாறு பணித்த நபிமொழி, பரகத் உணவின் எப்பகுதியில் உள்ளது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற காரணத்தையும் உடன் கூறுகிறது. புகழ்ச்சிக்கு முன் தட்டு காலியாக வேண்டும் என்பது அதனுள் அடங்கிய ஒழுங்கு.

யூத அறிஞர் வகுத்த படிகள் நமக்குத் தேவையில்லை. ஆனால் எதை உண்டோம், அது யாருக்கு எவ்வளவு உணவு என்று ஒரு கணம் நின்று நோக்கிய பிறகே வாய்திறந்த அவர்களின் பழக்கம் நமக்குத் தேவை. மதரஸாக்களில் உணவு துஆக்களை மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள், அவற்றோடு அந்த நோக்கையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.