பெயர் சொல்லி நுழையும் பாத்திரங்கள்: வரலாற்றுக் காதற்கதை இருகரை மேடைகளில்

வரலாற்றுக் காதல் நாவலை மேடையேற்ற முனைவோருக்கு முதல் இடர் கதையின் நீளமே என்பது பொதுவான கருத்து. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து, ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களுமாக விரிந்த நாவல் ஆதலால், அதை ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்குவது எளிதன்று. ஆயினும் நீளத்தைக் காட்டிலும் பெரிய சிக்கல், இவ்வகை நாவல் மறைவை நம்பி நடப்பதே ஆகும். நந்தினி யார் மகள், ஊமை ராணி யார் என்ற வினாக்களுக்கு விடை சொல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தே கல்கி வாசகரைக் கட்டிவைத்தார். தமிழகத்து மேடையும் இலங்கைத் தமிழரின் மேடையும் இந்த மறைவை இழந்தே வரலாற்றுக் கதையை நிகழ்த்துகின்றன. ஆனால் இழந்த காரணமும், அதற்கு ஈடாகத் தேடிக்கொண்டதும் வேறு வேறு.

சென்னையில் மேஜிக் லேன்டர்ன் குழு, குமரவேலின் நாடகமாக்கத்திலும் பிரவீணின் இயக்கத்திலும், 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியிலும் பின்னர் 2014இல் மியூசிக் அகாடமியிலும் இந்நாவலை நிகழ்த்தியபோது, பார்க்க வந்தவர்களுள் பெரும்பாலோர் ஏற்கெனவே நூலைப் படித்தவர்கள். இரகசியங்கள் யாவும் அவர்களுக்குத் தெரிந்தவையே. எனவே நாடகமாக்குவோர் எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை விட்டால் வாசகர் பொறுப்பார் என்பதையே எண்ண வேண்டியிருந்தது. 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகம் பெரிதும் இலங்கையில் நடப்பது. கடலும் கப்பலும் யானையும் வரும் அப்பகுதியே மேடைக்கு மிகக் கடினமானது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

அரிசிலாற்றங்கரைக் காட்சி ஒன்றே இச்சிக்கலை விளக்கப் போதும். பெண்களின் கூக்குரல் கேட்டு ஓடிவரும் கதைநாயகன் வந்தியத்தேவன், கரையில் வாய்பிளந்து கிடக்கும் முதலையின்மீது வேலை எறிகிறான். பிறகுதான் அது பாடம் செய்து வைத்த செத்த முதலை என்பது வெளிப்பட, சோழ இளவரசி குந்தவையின் முன் நாணி நிற்கிறான். தாளில் வாசகரும் அவனுடன் சேர்ந்தே ஏமாறுகிறார். மேடையிலோ எல்லா முதலையும் பொம்மை முதலைதான் என்பதைக் கடைசி வரிசைச் சிறுவனும் அறிவான். ஆகவே அங்கே பார்வையாளர் வந்தியத்தேவன் பக்கம் நிற்க வழியின்றிக் குந்தவையின் பக்கம் போய், அவளோடு சேர்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காதலின் தொடக்கமே இதனால் நிறம் மாறுகிறது. இம்மாற்றத்தைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை, எழுத்தில் இல்லாத ஓர் இனிமையும் அதில் உண்டு.

இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தில் இத்தகைய முதலைக்கே இடமில்லை. ஊரவர் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியில், கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசிரியரான அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, அரசனின் வருகையைக் கட்டியகாரன் அறிவிக்க, இருவர் பிடிக்கும் வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் பாத்திரம் தாளக்கட்டுக்கு ஆடி, தன் பெயரையும் நாட்டையும் பெருமையையும் தானே பாடிச் சொல்கிறது. இது வரவு எனப்படும். நுழையும்போதே தன்னை இன்னாரென்று சொல்லிவிடும் மரபில், நந்தினி போன்ற ஒருத்தி ஒரு நாழிகைகூட மறைந்திருக்க முடியாது. மறைவு போன இடத்தில் உணர்ச்சியின் நீட்சி வந்து அமர்கிறது. காதலர் இருவரும் தருக்களை, அதாவது இசைப்பாட்டுகளை, மாறிமாறிப் பாட, பிற்பாட்டுக்காரர் அவற்றைத் திரும்பப் பாடுவதால், நாவலில் அரைப்பக்கத்தில் முடியும் சந்திப்பு இங்கே நெடுநேரம் நிற்கிறது. காதற்கதைக்குத் தென்மோடியும் போர்க்கதைக்கு வடமோடியும் பொருந்தும் என்பது அப்பகுதி வழக்கு. தமிழகத் தெருக்கூத்திலும் பாத்திரம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்வது உண்டுதான்; ஆனால் கல்கியின் வழிவந்த நாவல்கள் அந்தக் களத்துக்குப் போகாமல் நகரத்து அரங்குகளையே நாடின.

சுருக்கும் முறையிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. சென்னையில் வெட்டுண்டவை நிகழ்ச்சிகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு, கொண்டுவந்தபோது வெட்டுண்டவையோ பெரும்பாலும் திரும்பக்கூறல்களே. விடிய விடிய ஆடிய கூத்து கதையின் எலும்பு குலையாமலே சில மணி நேரத்துக்குள் அடங்கிற்று.

எழுதி நடித்த வசன நாடகங்களில் இலங்கையின் வழி இன்னும் தெளிவாகப் பிரிகிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி'க்கும் முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகத்துக்கும் மூலம் நாவல் அன்று. வரலாற்றுக் குறிப்பும் ஊர்க்கதையுமே மூலம். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை என்பதையும், அவர் எடுத்துக்கொண்டது தமிழகத்து நாயக்கர் காலக் காதலை என்பதையும் நினைத்தால், கடலின் இருகரையாரும் எதிர்க்கரையில் கதை தேடியது வியப்பே. இலங்கையின் வன்னிப் பகுதியை ஆண்ட பண்டாரவன்னியனையும் பின்னாளில் தமிழகத்து மு. கருணாநிதி 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' என நாவலாக்கினார். நாவல் மேடைக்கு வரும் வழக்கமான வரிசை இவன் பொருட்டு மாறி, மேடை முந்திக்கொண்டது.

பண்டாரவன்னியனின் தங்கையை மணம் கேட்டு மறுக்கப்பட்ட காக்கை வன்னியன் ஆங்கிலேயரோடு சேர்ந்தான் என்பது வன்னியில் எல்லோரும் அறிந்த கதை. அவன் மேடையில் கால் வைத்ததுமே துரோகி வந்தான் என்பது அவைக்குத் தெரியும். என்ன செய்வான் என்ற வினா எழுவதில்லை, எப்போது செய்வான் என்பதற்கே அவை காத்திருக்கிறது. இறுதிக் காட்சிக்குரிய நாள்கூடக் கல்லில் பொறித்த செய்திதான்: 1803 அக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை முறியடித்ததாகக் கற்சிலைமடு நினைவுக் கல் கூறியது. முறியடித்தான் என்பதற்கு மேல் அக்கல் ஒன்றும் சொல்லாமையால், வன்னியனின் கடைசி மூச்சை எழுதும் உரிமை நாடகாசிரியர் கையில் எஞ்சியது.